முப்பது விநாடியில் செத்ததா முன்னிசை?

இசைப்பித்தன்:
"வணிகத்தால் கலையின் ஆழம் குறையவில்லை, கேட்கிறவங்களுக்கு வயசாயிடுச்சு"ன்னு நேத்து ஒரு மேதை எழுதியிருந்தார். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் பாட்டு கேட்டதாகக் கணக்கு. அதுக்குப் பயந்து முன்னிசையை வெட்டி போட்டுட்டு எடுத்த எடுப்பில் பல்லவி. இதில் எங்கய்யா ஆழம்?

ஊசிமுனை:
அந்த மேதை நான்தான், வணக்கம். 78 சுற்று இசைத்தட்டில் பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிஷம். அதுக்குள்ள அடக்கணும்னு பெரிய வித்வான்களே ஆலாபனையைச் சுருக்கினாங்க. அது மட்டும் தவமா?

இசைப்பித்தன்:
அது தட்டோட அளவு. இது கல்லாவோட அளவு. 30 விநாடிக்குப் பதில் சொல்லுங்க.

ஊசிமுனை:
1948ல் எல்பிங்கிற நீண்ட நேரம் ஓடுற இசைத்தட்டு வந்து பக்கத்துக்கு 20 நிமிஷத்துக்கு மேல இடம் கிடைச்சுது. அதுக்கப்புறமும் சினிமாப் பாட்டு ஏன் மூணு நாலு நிமிஷத்திலேயே நின்னுச்சு? அப்பவும் தட்டு விக்கணும், ரேடியோவில் ஓடணும்.

கடைசிபெஞ்ச்:
'ஆழம்'னா என்னன்னு முதல்ல யாராவது சொல்லுங்களேன்.

இசைப்பித்தன்:
30 விநாடி! நேத்து ராத்திரி புதுப் பாட்டா பத்து கேட்டேன், கையில கடிகாரத்தோட. ஒண்ணுல பாடகர் மூச்சை இழுக்கிற சத்தம்தான் மொத்த முன்னிசையும். வயலின் இல்லை, குழல் இல்லை, மூச்சு!

ஊசிமுனை:
கடிகாரம் வெச்சுப் பாட்டு கேட்கிறவர் ரசிகரா, கணக்குப்பிள்ளையா?

இலக்கணச்சுடர்:
"வெட்டி போட்டுட்டு" தவறு. "வெட்டிப் போட்டுட்டு" என ஒற்று மிகும். இதைகூட அறியாதவர்கள் கலையைப் பற்றிப் பேசுவது வேடிக்கை.

இசைப்பித்தன்:
"இதைக்கூட" சார். உங்க க்-கைத் தேடி எடுத்துட்டு வாங்க. அதுவரை 30 விநாடி தர்றேன்.

இலக்கணச்சுடர்:
அது தட்டச்சுப் பிழை.

ஊசிமுனை:
ரீமிக்ஸ் திரியிலும் இவர் இப்படித்தான். பதில் இல்லைன்னா அடுத்தவர் எழுத்தைப் பிடிச்சுத் தொங்குவார்.

இசைப்பித்தன்:
ரீமிக்ஸ் திரியில் பாதியில ஓடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். இன்னொண்ணும் கேளுங்க. 2024லிருந்து 12 மாசத்துல 1,000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு அதே ஸ்பாட்டிஃபையில் காசே கிடையாது. புதுசா ஒருத்தன் பொறுமையா ராகம் இழுப்பானா?

ஊசிமுனை:
ஓடாத தட்டுக்கு அந்தக் காலத்துல மட்டும் கம்பெனிக்காரன் மாலை போட்டானா?

இசைப்பித்தன்:
திரும்பவும் தட்டு! நான் கேட்டது 30 விநாடி.

கடைசிபெஞ்ச்:
அந்த மூச்சுப் பாட்டு எதுங்க? கேட்கணும் போல இருக்கு.

இசைப்பித்தன்:
சொல்ல மாட்டேன். நீங்க கேட்டா அதுவும் கணக்குல ஏறும்.