ஆராதனை இசையில் தெரிவது யாருடைய சாயல்?

கீபோர்டுக்காரன்:
ஆராதனையில் இசை வெறும் அலங்காரம் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மனிதன் தேவசாயலில் படைக்கப்பட்டான் என்று ஆதியாகமம் சொல்லும் இடம்வரை, தேவனைப் பற்றி நாம் அறிவதென்ன? அவர் படைக்கிறார், படைத்ததைப் பார்த்து நல்லது என்று காண்கிறார். அப்படியிருக்க, மெட்டமைக்கிறவனிடம் அந்தச் சாயல் தெரியாமல் போகுமா? யாத்திராகமம் 31இல் தேவஆவியால் நிரப்பப்பட்ட பெசலெயேல் தீர்க்கதரிசி அல்ல, இஸ்ரவேலரின் ஆராதனைக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த கைவினைஞன்.

பெரேயன்:
சகோதரரே, யூபாலை விட்டுவிட்டீர்கள். கின்னரக்காரருக்கெல்லாம் தகப்பனான அவன், தம்பியைக் கொன்ற காயீனின் வம்சம். தீர்க்கதரிசன நூலான ஆமோஸ் 5இல் தேவனே பாட்டின் இரைச்சலை அகற்றச் சொல்கிறார். பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்த சபைச் சீர்திருத்தவாதி சுவிங்ளியே சூரிச் ஆராதனையிலிருந்து இசையை நீக்கினார். 1598 வரை அங்கே சபைப் பாடல் திரும்பவில்லை. இசை தெரியாதவர் செய்ததல்ல அது, அதன் பலம் தெரிந்தவர் செய்தது.

கீபோர்டுக்காரன்:
காயீன் வம்சம் என்று தள்ளினால், அதே பகுதியில் வரும் கூடாரத்தையும் உலோக வேலையையும் தள்ள வேண்டும். ஆசரிப்புக் கூடாரம் எதனால் ஆனது? ஆமோஸை இன்னும் ஒரு வசனம் படியுங்கள்: நியாயம் தண்ணீரைப்போல் புரளட்டும் என்கிறார். கோபம் வீணையின்மேல் இல்லை, ஏழையை மிதித்துவிட்டு வந்து வாசித்த கையின்மேல். இசையமைப்பாளர் பாக், தம் கான்டாட்டாக்கள் (வாத்தியங்களோடு பாடும் இசைப் படைப்புகள்) பலவற்றின் முடிவில், தேவனுக்கே மகிமை என்ற பொருள்படும் மூன்று லத்தீன் எழுத்துகளை எழுதினார்.

பெரேயன்:
தொடக்கத்தில் ‘இயேசுவே உதவும்’ என்றும் எழுதினாரே! ஆபத்தை அறிந்தவரின் ஜெபம் அது. பாடலின் பொருளைவிடக் குரல் தம்மை உருக்கியபோதெல்லாம் பாவம் செய்ததாகச் சபைப் பிதா அகஸ்டின் அறிக்கையிட்டார். அந்தப் பயம் நம்மிடம் எங்கே?

ஆல்டோ வரிசை:
இருவருக்கும் ஒன்று சொல்கிறேன். ஒரு ஞாயிறு மூன்றாம் சரணத்தில் ஆர்கன் வாசிப்பவர் கையை எடுத்துவிட்டார். உடனே ஒரு முதியவரின் குரல் தனியே கேட்டது. சுருதி அரைப்படி கீழே. அருகிலிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கள் சுருதியை இறக்கி அவரோடு சேர்ந்துகொண்டார்கள். அடுத்த வரிக்குள் சபை முழுவதும் அவருடைய சுருதியில் பாடியது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இறங்கிவந்து நம்மோடு சேர்ந்தவரின் சாயலை நான் அங்கேதான் கண்டேன்.

பெரேயன்:
அம்மா, இதை மறுக்க என்னிடம் வசனம் இல்லை. ஆனால் கையை எடுக்க அந்த ஆர்கன்காரருக்குத் தெரிந்திருந்தது. என் வழக்கே அதுதான்.

கீபோர்டுக்காரன்:
எப்போது எடுப்பது என்பதும் இசைதான், ஐயா. வருகிற ஞாயிறு மூன்றாம் சரணத்தில் நானும் எடுக்கிறேன்.