‘தவிர்’ என்ற ஒரே சொல்லை எத்தனை இடத்தில்தான் போடுவது?

கையேட்டுக்காரர்

வணக்கம். ஒரு மின்கருவியின் பயன்பாட்டுக் கையேட்டையும் வரி பற்றிய விளக்கக் கட்டுரை ஒன்றையும் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆபத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது, தடையைச் சுற்றிக்கொண்டு போவது, கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் விடுவது என எல்லாவற்றுக்கும் கை ‘தவிர்’ என்றே எழுதுகிறது. திரும்பப் படித்தால் வாக்கியங்கள் சவசவ என்று இருக்கின்றன. சிக்கும் இடங்கள் இவை:

1. ஈரக் கையால் சுவிட்சைத் தொடுவதைத் தவிர்க்கவும்.
2. இந்தக் கோளாறைத் தவிர்க்க, கருவியை ஒருமுறை அணைத்துவிட்டுப் போடவும். (கோளாறு இன்னும் சரிசெய்யப்படவில்லை.)
3. வருமானத்தை மறைத்து வரியைத் தவிர்ப்பது குற்றம்.
4. அதிகாரி கேள்வியைத் தவிர்த்தார்.
5. இந்தக் கட்டணத்தைத் தவிர மூன்று கட்டணங்கள் செலுத்த வேண்டும்.

எங்கே எந்தச் சொல் பொருந்தும்?

மெய்ப்பு

முதலில் 5. ஐந்திலும் ஆபத்தானது அதுதான். ‘தவிர’ இரண்டு பக்கமும் வெட்டும். “இதைத் தவிர வேறு கட்டணம் இல்லை” என்றால் இது மட்டும் உண்டு. “இது தவிர இன்னும் இரண்டு கட்டணங்கள் உண்டு” என்றால் இதுவும் உண்டு, அவையும் உண்டு. ‘மற்ற’, எதிர்மறை வினை ஆகியவை வந்தால் பெரும்பாலும் விலக்கும் பொருள். ‘இன்னும்’, ‘மேலும்’ வந்தால் கூட்டும் பொருள். உங்கள் வாக்கியத்தில் இரண்டு அடையாளமும் இல்லை. கட்ட வேண்டியது மூன்றா நான்கா என்று படிப்பவருக்குத் தெரியாது. இதே அமைப்பு மருந்துச் சீட்டில் வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். விலக்க வேண்டுமானால் ‘நீங்கலாக’ என்று எழுதுங்கள். அதற்குக் கூட்டும் பொருள் கிடையாது. கூட்ட வேண்டுமானால் “இந்தக் கட்டணத்துடன் மேலும் மூன்று, ஆக நான்கு” என்று எண்ணையும் சொல்லிவிடுங்கள்.

அடுத்து 1. ‘தவிர்க்கவும்’ என்பது அறிவுரை. “முடிந்தால் செய்யாதீர்கள், செய்தாலும் பெரிய மோசமில்லை” என்ற தொனி அதில் ஒட்டிக்கொண்டே வரும். மின்சாரத்தில் அந்தத் தொனி கூடாது. “ஈரக் கையால் சுவிட்சைத் தொடக் கூடாது” என்று எழுதி, பக்கத்திலேயே “மின்சாரம் தாக்கும்” என்று காரணத்தையும் போடுங்கள். “நேரடி வெயிலில் வைப்பதைத் தவிர்க்கவும்” போன்ற இடங்களுக்கு ‘தவிர்’ சரியாக இருக்கும்.

கையேடுகளில் அடிக்கடி கண்ணில் படும் இன்னொரு பிழை: “தண்ணீர் படாமல் தவிர்க்கவும்”. ‘படாமல்’ என்பதிலேயே மறுப்பு வந்துவிட்டது. அதன்மேல் ‘தவிர்’ ஏறினால் வாக்கியம் முறிந்துவிடும். “தண்ணீர் படுவதைத் தவிர்க்கவும்” அல்லது “தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளவும்”, இரண்டில் ஒன்று. எனக்குப் பின்னது பிடிக்கும்; பேச்சுக்கு அருகில் இருக்கிறது. எழுத்துப்பிழையையும் கவனியுங்கள். ‘தவிர்க்க முடியாத’ என்பதில் ‘ர்’ விழுந்தால் ‘தவிக்க முடியாத’ ஆகிவிடும். இரண்டும் சரியான சொற்களே என்பதால் பிழைதிருத்தி மென்பொருள் இதைப் பிடிக்காமல் போக வாய்ப்பு அதிகம்.

2-இல் கோளாறு ஏற்கெனவே வந்துவிட்டது, அதை எப்படித் தவிர்ப்பது? வருமுன் செய்வது தவிர்ப்பது, வந்தபின் சமாளிப்பது. “கோளாறு சரிசெய்யப்படும்வரை தற்காலிக மாற்றுவழி: …” என்று தலைப்புப் போல எழுதிவிடுங்கள். ‘தீர்வு’ என்று மட்டும் எழுத வேண்டாம். கோளாறு போய்விட்டது என்று நம்புவார்கள். ‘குறுக்குவழி’யும் பொருந்தாது, அது தூரத்தைக் குறைப்பது, தடையைக் கடப்பது அல்ல.

வேற்றுமை_உருபு

3-க்குத் தமிழில் பழகிப்போன சொல் இருக்கிறது: வரி ஏய்ப்பு. ஏய்த்தல் என்றால் ஏமாற்றுதல். வருமானத்தை மறைப்பது, பொய்க் கணக்கு காட்டுவது எல்லாம் இதில் அடங்கும். சட்டத்தை மீறாமல், அதிலுள்ள ஓட்டைகளைப் பயன்படுத்தி வரியைக் குறைத்துக்கொள்வது ‘வரித் தவிர்ப்பு’. சட்டமே “நீ கட்ட வேண்டாம்” என்று விடுவது ‘வரிவிலக்கு’. உங்கள் கட்டுரையில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. மூன்றாம் வாக்கியத்தில் குற்றமாகிய ஏய்ப்புக்குத் தவிர்ப்பு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். சொல்லைப் பார்த்தே படிப்பவர் தப்பாக முடிவெடுத்துவிடுவார்.

4-க்கு: கேள்வியை என்ன செய்தார் என்பதைப் பொறுத்தது. ஏதோ சொல்லி, ஆனால் ஒன்றும் சொல்லாமல் விட்டால் ‘மழுப்பினார்’. (‘மழுங்கலான பதில்’ என்று சிலர் எழுதுகிறார்கள். மழுங்குவது கத்தி. ‘மழுப்பலான பதில்’ என்பதே சரி.) விஷயத்துக்கு வராமல் வேறெங்கோ போனால் ‘சுற்றி வளைத்துப் பேசினார்’. இதில் ‘பேசினார்’ என்பதை விட்டுவிடாதீர்கள். வெறுமனே ‘சுற்றி வளைத்தார்’ என்றால் முற்றுகையிட்டார் என்று பொருள் நேரெதிராகிவிடும். வாயே திறக்காமல் இடத்தை விட்டுப் போனால் ‘நழுவினார்’. கேள்வியில்லாமல் கடமையோ கோரிக்கையோ என்றால் ‘தட்டிக்கழித்தார்’. கோரிக்கையை மறுக்காமல் நாள்கணக்கில் ஓட்டினால் ‘இழுத்தடித்தார்’.

வேற்றுமை உருபை மாற்றினால் பொருளும் மாறும் என்பதையும் கவனிக்க வேண்டும். ‘ஒதுங்கு’ தன்வினை, ‘ஒதுக்கு’ பிறவினை. மழைக்கு ஒதுங்கினான் என்றால் மழைக்காக ஓரிடத்தில் நின்றான். பதவியிலிருந்து ஒதுங்கினான் என்றால் விட்டு விலகினான். அவனை ஒதுக்கினார்கள் என்றால் சேர்த்துக்கொள்ளவில்லை. அவனுக்கு அறை ஒதுக்கினார்கள் என்றால் கொடுத்தார்கள்! ஒரு ‘ஐ’, ஒரு ‘கு’, அவ்வளவுதான் வித்தியாசம். விலகு/விலக்கு இணையும் தன்வினை, பிறவினைதான்: தானாகப் போனால் விலகினார், பிறர் போகச் செய்தால் விலக்கினார்கள். ‘பதவி விலகல்’ என்று செய்தி எழுதும்போது இந்த ‘க்’ ஒருவருடைய பெயரையே கெடுத்துவிடும்.

‘தப்பு’ என்ற வினைக்கு ஆபத்து மிக அருகில் வந்திருக்க வேண்டும். விபத்திலிருந்து தப்பினார் என்றால் விபத்து நடந்திருக்கலாம், அல்லது நூலிழையில் நடக்காமல் போயிருக்கலாம். விபத்தைத் தவிர்த்தார் என்றால் நடக்கவே இல்லை. விபத்தைத் தடுத்தார் என்றாலும் நடக்கவில்லைதான், ஆனால் வேறொருவர் தலையிட்டிருக்கலாம்.

பேச்சு_வழக்கு

மேலே சொன்னவற்றோடு பேச்சுத் தமிழையும் சேர்க்கிறேன். கையேட்டில் போட முடியாது; ஆனால் உரையாடல் எழுதுகிறவர்களுக்கு இவைதான் உயிர்.

பள்ளிக்கோ வேலைக்கோ போகாமல் இருந்தால் ‘மட்டம் போட்டான்’. தேடி வருகிறவரை ஏமாற்றிவிட்டு மறைந்தால் ‘டிமிக்கி கொடுத்தான்’, ‘கடுக்காய் கொடுத்தான்’. இரண்டும் ‘அவருக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் வரும்; ‘அவரை டிமிக்கி கொடுத்தான்’ என்று யாரும் பேசுவதில்லை. ‘கம்பி நீட்டினான்’ என்பதற்கு யாரை என்று சொல்ல வேண்டியதில்லை. ஆள் ஓடிவிட்டான், அதுதான் செய்தி. வருகிறேன் என்று ஒப்புக்கொண்டு கடைசியில் பின்வாங்கினால் ‘ஜகா வாங்கினான்’. ஒப்புக்கொள்ளாதவன் ஜகா வாங்க முடியாது. இந்த இடத்தில்தான் எழுத்தாளர்கள் பலர் பிசகுகிறார்கள். கூட்டாகச் செய்யும் வேலையிலிருந்து மெல்ல விடுபட்டால் ‘கழன்றுகொண்டான்’.

இவற்றில் பெரும்பாலும் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கும். ‘ஒதுங்கிக்கொண்டார்’, ‘விலகி நின்றார்’ என்பவற்றில் அது இல்லை, சில நேரம் மரியாதைகூட இருக்கும். சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த ஆள்மேல் தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

கையேட்டுக்காரர்

மிக்க நன்றி. ஐந்தையும் மாற்றிவிட்டேன். 4-இல் ‘மழுப்பினார்’ என்றே போட்டேன். அவர் பதில் சொன்னார், ஆனால் கேட்டதற்கு இல்லை. இன்னும் ஒரு சந்தேகம். கருவியின் திரையில் ஒரு படியைச் செய்யாமல் அடுத்ததற்குப் போக ஒரு பொத்தான், எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் தொடர ஒரு பொத்தான். முதலாவதற்கு ‘தவிர்’, இரண்டாவதற்கு ‘புறக்கணி’ என்று வைத்திருக்கிறேன்.

மெய்ப்பு

முதலாவதற்குத் ‘தவிர்’ பல செயலிகளில் பழகிவிட்டது, இருக்கட்டும். இடம் இருந்தால் ‘இப்போது வேண்டாம்’ என்பது இன்னும் தெளிவு, பிறகு செய்துகொள்ளலாம் என்பதையும் சொல்லிவிடுகிறது. ‘புறக்கணி’யை எடுத்துவிடுங்கள். தேர்தல் புறக்கணிப்பு, கூட்டப் புறக்கணிப்பு என்று எதிர்ப்பைக் காட்டும் செயலுக்குப் பழகிய சொல் அது. ‘எச்சரிக்கையை மீறித் தொடர்’ என்று எழுதுங்கள். அழுத்துகிறவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்பது தெரிய வேண்டும். நீளமாக இருக்கிறது என்று ‘மீறி’யை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.