114ஆவது டிஸ்க் எங்கே கிடைக்கும்?

அங் மோ கியோ:

புதிர்களை அவிழ்த்துக் கதையை நகர்த்தும் பழைய அட்வெஞ்சர் கேம்களுக்குப் புதுச் சாயம் பூசி விற்கிறார்களே, அது சரியா தப்பா என்று எல்லாரும் கருத்துச் சொல்லியாகிவிட்டது. கருத்து போதும். உங்கள் பேட்டைப் பெயரைப் போட்டு, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

1991. உயர்நிலை ஒன்றில் இருந்தேன். அப்பா வேலை பார்த்த இடத்தில் கழித்துப் போட்ட 286 கணினி ஒன்று வீட்டுக்கு வந்தது. திரையில் 16 நிறம்தான். சவுண்ட் கார்டு கிடையாது. பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கர் மூஞ்சூறு மாதிரி கீச்சிடும். அதில்தான் ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ விளையாடினேன். 1990இல் வந்த கேம். பெட்டியோடு வாங்கினாயா என்று கேட்காதீர்கள். காலி டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ‘ஏற்றி’த் தரும் கடைகள் இருந்த காலம்.

அந்தத் திருட்டுக்கும் ஒரு பூட்டு போட்டிருந்தார்கள். கேம் தொடங்கியதும் ஒரு கடற்கொள்ளையன் முகத்தைக் காட்டி, இவனை இன்ன ஊரில் எந்த வருடம் தூக்கில் போட்டார்கள் என்று கேட்கும். விடை பெட்டியோடு வரும் அட்டைச் சக்கரத்தில் இருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வட்டம். திருப்பினால் ஒருவன் நெற்றியும் இன்னொருவன் தாடையும் சேர்ந்து ஒரு முகமாகும். கடைக்காரர் அதைப் போட்டோகாப்பி எடுத்து டிஸ்க்கோடு கொடுத்துவிட்டார். நான் கத்தரித்து, பிளேடால் ஓட்டை போட்டு, நடுவில் குண்டூசி குத்தினேன். ஒரு முகம் மட்டும் காப்பியில் கறுப்பாக அப்பிப் போயிருந்தது. அவன் வந்துவிட்டால் கணினியை அணைத்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டும்.

சரி, விஷயம் அதில்லை. காட்டுக்குள் ஓர் அடிக்கட்டை இருக்கிறது. அதை உற்றுப் பார்த்தால், உள்ளே சுரங்கப் பாதை தெரிகிறது என்பான் கதாநாயகன். உடனே 22ஆவது டிஸ்க்கைப் போடு என்று கேம் கேட்கும். பிறகு 36. பிறகு 114. என்னிடம் இருந்ததை எண்ண ஒரு கை விரல் போதும். மறுநாள் பள்ளி விட்டதும் சீருடையோடு கடைக்கு ஓடினேன். “அண்ணே, மிச்ச டிஸ்க் தரலையே” என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “நாளைக்கு வா தம்பி” என்றார். போனேன். “அடுத்த வாரம் வா” என்றார். போனேன். அந்தச் சுரங்கத்துக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று நான் மனத்தில் கட்டிய பாதாளம் இருக்கிறதே, அதைவிடப் பெரிய கேமை நான் இன்றுவரை விளையாடியதில்லை. அது வெறும் கிண்டல், அப்படி டிஸ்க்கே கிடையாது என்று எனக்குத் தெரிந்தபோது தேசிய சேவையே முடிந்திருந்தது.

தோ பாயோவில் பெரியப்பா மகன் வீட்டில் அதே கேம், 256 நிறத்தில், சவுண்ட் பிளாஸ்டர் என்ற சவுண்ட் கார்டோடு. எனக்கு அது பிடிக்கவில்லை. முகங்களை அருகில் காட்டும் படங்களையே மாற்றியிருந்தார்கள். “உன்னோடது டூப்” என்றேன். “உன்னோடதுதான்டா கீச்சு கீச்சுங்குது” என்றான். ஆக, ரீமேக் சண்டையை நாங்கள் அப்போதே போட்டு முடித்துவிட்டோம். பிறகு வந்த சிடி பதிப்பில், ‘எடு’, ‘திற’ என்று கதாநாயகனுக்குக் கட்டளையிடும் 12 வினைச்சொல் பொத்தான்கள் 9 ஆகின. அடிக்கட்டைக் கிண்டலையும் தூக்கிவிட்டார்கள். டிஸ்க் எங்கே என்று கேட்டு ஃபோன் செய்தவர்கள் அத்தனை பேராம்.

போன டிசம்பர் விடுமுறையில் மகளோடு 2009இல் வந்த ஸ்பெஷல் எடிஷனை விளையாடினேன். F10 பொத்தானைத் தட்டினால் புதுப் படம் மறைந்து பழைய படம் வரும். புதுப் படத்தில் கதாநாயகனுக்கு வைத்திருக்கும் தலைமுடியைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை. “இப்ப பாரு, இதுதான் நிஜம்” என்று F10 தட்டினேன். “ஏம்ப்பா திடீர்னு எல்லாரும் ஊமையாயிட்டாங்க?” என்றாள். குரல் புதுப் படத்துக்கு மட்டும்தான். அதைவிட மோசம், நான் நிஜம் என்று காட்டிய படம் பெரியப்பா மகனுடையது. 256 நிறம். என்னுடையது அதில் இல்லவே இல்லை. “அப்ப எதுதான்ப்பா ஒரிஜினல்?” என்று கேட்டாள். பசிக்கிறதா என்று கேட்டேன்.

ஜூரோங் வெஸ்ட்:

அண்ணே, இரண்டாம் பாகத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். 1991இல் வந்தது. அருவித் தண்ணீரை நிறுத்த ஒரு பம்பைத் திருக வேண்டும். கையால் முடியாது. விடை என்ன? குரங்கு! பியானோ வாசிக்கும் குரங்கை மெட்ரோனோமில் வாழைப்பழம் வைத்து மயக்கி, விறைத்துப்போனதைத் தூக்கிப் பைக்குள் போட்டு, அதை வைத்துப் பம்பைத் திருக வேண்டும். அமெரிக்கர்கள் அந்தக் கருவியை மங்கி ரெஞ்ச் என்பார்களாம். சிங்கப்பூரில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? என் அண்ணன் கார் பட்டறையில் இருந்தவன். அவனிடமே கேட்டேன். “ஸ்பேனர்டா அது, குரங்குக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றான். பள்ளி விடுமுறை முழுக்க அந்த அருவி கொட்டிக்கொண்டே இருந்தது. கேமை உருவாக்கிய ரான் கில்பர்ட்டே பிற்பாடு இதற்காக வருந்தினார் என்று படித்தபோது பாதி கோபம் போனது. 2010 ரீமேக்கில் சிக்கிக்கொண்டால் குறிப்புக் கொடுக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அது மட்டும் அன்று இருந்திருந்தால் அண்ணனிடம் அவமானப்பட்டிருக்க மாட்டேன். ரீமேக் பக்கம்தான் நான், இந்த ஒரு காரணத்துக்காகவே.

ஈசூன்:

எங்கள் வீட்டில் விளையாடியது நானல்ல, அம்மா.

அம்மா வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுப்பார். 1997இல் ‘ரிவன்’ வந்தது. ஐந்து சிடி. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போனால் சிடியை மாற்று என்று கேட்கும். மாற்றுவதுதான் என் வேலை. அந்த ஊர்ப் பிள்ளைகளின் வகுப்பறை ஒன்று வரும். அதில் எண் கற்றுக்கொடுக்கிற ஒரு பொம்மை. கயிற்றில் தொங்கும் மனிதனைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, கீழே வாய் பிளந்து நிற்கும் மீனுக்குக் கொடுக்கிற கொடூரமான பொம்மை. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு குறி காட்டும், அதுவும் பத்து வரைதான். மற்றதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் மீனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா டியூஷன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கிக்கொண்டே இருந்தார். திடீரென்று, “ஒண்ணைப் படுக்கப் போட்டா அஞ்சு. ரெண்டைப் படுக்கப் போட்டா பத்து. நாம பத்துல எண்ற மாதிரி இவங்க இருபத்தஞ்சுல எண்றாங்கடி!” என்று கத்தினார். இரவு பதினொன்றரை. கீழ் வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்.

2024இல் அதே கேமை அடியிலிருந்து புதிதாகச் செய்து வெளியிட்டார்கள். அன்று நின்ற படங்களாக இருந்த இடத்தில் இன்று நாம் விரும்பியபடி நடக்கலாம், திரும்பலாம், அண்ணாந்து பார்க்கலாம். அழகு என்றால் அப்படியோர் அழகு. ஆசையோடு அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு எழுபதாகப் போகிறது. அந்த நோட்டை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார், அதையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் தலை சுற்றுகிறது என்றார். மாத்திரை போட்டுக்கொண்டு மறுநாள் திரும்ப வந்தார், அதுதான் அம்மா. ஆனால் சில புதிர்களையே மாற்றிவிட்டார்கள். நோட்டில் எழுதி வைத்திருந்த சில பக்கங்கள் செல்லாமல் போயின. “கேள்வித்தாளை மாத்திட்டாங்க” என்றார். கோபமா மகிழ்ச்சியா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போது அடுத்த நோட்டு ஓடுகிறது.

பிடோக்:

ஏக்கப் பாட்டு பாடுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. 1990இன் ‘கிங்ஸ் குவெஸ்ட் 5’ விளையாடியிருக்கிறீர்களா? பசிக்கிறதே என்று கையில் இருந்த ‘பை’ என்ற பலகாரத்தைத் தின்றுவிட்டால், பல மணி நேரம் கழித்துப் பனி மலையில் ‘எட்டி’ என்ற பனிமனிதப் பூதம் வரும்போது அதன் மூஞ்சியில் எறிய எதுவும் இருக்காது. செத்தோம். பூனை துரத்துகிற எலியை அந்த ஒரு விநாடியில் காப்பாற்றத் தவறினால், பிற்பாடு நம்மைக் கட்டிப் போடும்போது கயிற்றைக் கடிக்க ஆள் இருக்காது. தப்பு செய்துவிட்டாய் என்று அப்போதே சொல்லவும் மாட்டார்கள். நான் மூன்று முறை முதலிலிருந்து தொடங்கினேன். நான்காம் முறை மவுஸைச் சுவரில் எறிந்தேன். அம்மா தந்த அடியும் நினைவிருக்கிறது. இதையெல்லாம் அப்படியே பாதுகாக்க வேண்டுமாம். யாருக்காக?

உட்லண்ட்ஸ்:

எனக்கு. நான் அந்தப் பலகாரத்தைத் தின்னவில்லை.

புக்கிட் பாத்தோக்:

ஹா ஹா. ஆனால் பிடோக் அண்ணன் சொல்வது நியாயம். மங்கி ஐலண்ட்காரர்கள் நம்மைச் சாகடிக்காமல் விட்டதே அந்த மாதிரிக் கொடுமைகளைப் பார்த்துத்தான். 1989இலேயே ரான் கில்பர்ட் இதைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதினார்.

என் கதை ‘கிரிம் ஃபாண்டாங்கோ’. 1998இல் வந்தது. மேல்படிப்பு முடிந்து புதுக் கணினி வாங்கியதும் பழைய சிடியைத் தேடி எடுத்துப் போட்டேன். ஓரிடத்தில் ஃபோர்க்லிஃப்ட்டோடு லிஃப்டுக்குள் போய் அது ஓடும்போது நிறுத்த வேண்டும். என்னால் முடியவே இல்லை. வயதாகிவிட்டது, விரல் மந்தம் என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால் கணினிதான் அதிவேகம். லிஃப்ட் கண் இமைப்பதற்குள் போய்விடுகிறது. 2015 ரீமாஸ்டர் வந்த பிறகுதான் நிம்மதியாக முடித்தேன். அதில் இன்னொரு சுவாரஸ்யம், மவுஸால் சொடுக்கி விளையாடும் வசதியை முதலில் செய்தது ஒரு ரசிகர். அவர் செய்து வைத்திருந்ததை நிறுவனம் வாங்கி உள்ளே சேர்த்துக்கொண்டது. ரசிகர்கள் என்றால் புலம்புகிறவர்கள் மட்டும் இல்லை. பழைய அட்வெஞ்சர் கேம்களைப் புதுக் கணினியில் ஓட வைக்கும் ஸ்கம்விஎம்மும் 2001இல் அப்படித்தானே கிளம்பியது?

போகிற போக்கில்: ஒன்-நார்த்தில் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்து மணல்வண்டி வடிவத்தில், அந்தப் படம் எடுத்த லூகாஸ்ஃபில்ம் கட்டிய கட்டடம் இருக்கிறதே, சாண்ட்கிராலர், அதை 2014இல் திறந்தார்கள். மங்கி ஐலண்ட் செய்த அவர்களின் கேம் பிரிவான லூகாஸ்ஆர்ட்ஸ், கேம் உருவாக்குவதை 2013லேயே நிறுத்தியாகிவிட்டது. அந்தப் பக்கம் சாப்பிடப் போகும்போதெல்லாம், ஒரு வருடம் பிந்தி வந்துவிட்டாயே என்று அதனிடம் சொல்வேன்.

தேக்கா:

நான் சத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன், அதை யாருமே தொடவில்லை.

சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள், தெரியும்தானே. அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தார்ப்பாயில் பழைய கைக்கடிகாரம், ரிமோட், ஒற்றைச் செருப்பு. நடுவில் ஒரு பச்சை அட்டை. பார்த்ததும் தெரிந்துவிட்டது, சவுண்ட் பிளாஸ்டர். ஆசையை முகத்தில் காட்டாமல் ரிமோட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். அங்கிள் பத்து வெள்ளி என்றார். ஐந்து என்றேன். அவர் அட்டையைத் தூக்கி, கிரியேட்டிவ் என்ற பெயரை விரலால் தொட்டு, “இது நம்ம ஊர் சாமான்லா. அமெரிக்காக்காரன் இதைத்தான் வாங்கினான். அஞ்சு வெள்ளியா கேக்குற?” என்றார். வெட்கமாகப் போய்விட்டது. பத்தே கொடுத்தேன்.

அவர் சொன்னது மிகையில்லை. சிம் வோங் ஹூ 1981இல் சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் சின்னக் கடையாகத் தொடங்கிய நிறுவனம். 1989இல் வந்தது சவுண்ட் பிளாஸ்டர். கலிஃபோர்னியாவில் எழுதிய கரீபியன் கடற்கொள்ளையர் கதைக்கு, உலகம் முழுக்கப் பல வீடுகளில் தாளம் போட்டது நம்மூர் அட்டை.

பழைய 486 ஒன்றில் செருகினேன். கணினி அட்டையைக் கண்டுகொள்வதற்கான எண்களை A220, I5, D1 என்று எழுதியும் பேசவில்லை. நெட்வொர்க் கார்டும் அதே ஐந்தாம் எண்ணில் உட்கார்ந்து மோதிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கியதும் அந்தத் தொடக்க இசை வந்தது. ரீமேக்கில் நிஜ வாத்தியங்கள், அருமையாகத்தான் இருக்கும். எனக்கு அட்டை தானே உருவாக்கும் அந்த எஃப்எம் சத்தம்தான் வேண்டும், தகர டப்பாவில் மழை விழுவது மாதிரி. 2023 ஜனவரியில் சிம் வோங் ஹூ இறந்த செய்தி வந்த இரவு அதைப் போட்டேன். மனைவி எழுந்து வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

அங் மோ கியோ:

தேக்கா அண்ணே, அந்த அட்டையைக் கொஞ்ச நாள் கடன் தருவீர்களா? மகளுக்கு 16 நிறத்தில்தான் காட்டுவேன், ஆனால் சத்தம் பெரியப்பா மகனுடையது மாதிரி இருக்கட்டும். முப்பது வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறேன், அவனுடையது நன்றாகத்தான் இருந்தது.

தெம்பனிஸ்:

படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன். தேசிய சேவை முடித்து, வேறு வேலை கிடைக்கும்வரை, டிஸ்க் ஏற்றித் தரும் ஒரு கடையில் நின்றேன். உங்கள் கடை இல்லை, அங் மோ கியோ பக்கமே இல்லை. ஆனால் 114ஆவது டிஸ்க் கேட்டு ஒரு பையன் வந்தான். பிறகு இன்னொருவன். மாதம் முடிவதற்குள் நாலைந்து பேர், எல்லாரும் சீருடையில். எனக்குக் கேம் பழக்கம் கிடையாது. பிள்ளைகளை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தியது. எங்களுக்குச் சரக்குக் கொடுக்கிறவருக்கு ஃபோன் செய்து, “நூத்திப் பதினாலு டிஸ்க்ல நாலு மட்டும் குடுத்திருக்கீங்களே, மிச்சம் எங்கே?” என்று சத்தம் போட்டேன். அவரும் விட்டுக்கொடுக்காமல், “அடுத்த வாரம் வருது” என்றார். அதனால்தான் தம்பி, நாங்கள் அடுத்த வாரம் வரச் சொன்னோம்.