டேப்பட் கிளியரன்ஸுக்கு ஒரு சொல், திங்களுக்குள்

சூரமங்கலம் பயிற்றுநர்:

அனைவருக்கும் வணக்கம். மோட்டார் மெக்கானிக் மாணவர்களின் செய்முறைத் தாள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. பிரித்துக் கட்டிய பழைய அம்பாசடர் எஞ்சினில் டிக் டிக்கென்று தட்டினால் எங்கே பார்ப்பது என்பதுதான் பாடம். ஒரே சொல்லில் முட்டி நிற்கிறேன்: டேப்பட் கிளியரன்ஸ், அதாவது வால்வு என்னும் எஞ்சின் கதவு மூடியிருக்கையில் அதற்கும் அதைத் தள்ளும் உறுப்புக்கும் நடுவே விடும் நூலளவு இடம். 'இடைவெளி' என்று போட்டால், அதே பக்கத்தில் பிளக் இடைவெளி, பாயிண்ட் இடைவெளி, ரிங் இடைவெளி என்று வரிசை கட்டி நிற்கின்றன. வாக்கியம் இது: "எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கையில் ஒன்றாம் வால்வின் ______ஐச் சரிசெய்க. ஆறு திறந்தால் மூன்று, ஏழு திறந்தால் இரண்டு. கூட்டினால் எப்போதும் ஒன்பது." கோடிட்ட இடத்தை நிரப்பித் தாருங்கள்.

ஏற்காடு தமிழையா:

முதலில் 'வால்வு' ஒழியட்டும். 'ஓரதர்' இருக்கிறதே! அதர் என்றால் வழி. ஓர் அதர், ஓரதர். டேப்பட்டுக்குத் 'தட்டி'. மண்வெட்டி, பாக்குவெட்டி போலக் கருவிப்பொருளில் வரும் இகர விகுதி. கிளியரன்ஸுக்கு 'இடுக்கு'. ஆக, 'ஓரதர்த்தட்டி இடுக்கு'.

ஐந்து ரோடு பட்டறைக்காரர்:

> ஓரதர்த்தட்டி இடுக்கு

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. தட்டி என்றால் பையனுக்குக் கடை வாசலில் கட்டும் மூங்கில் தட்டிதான். ஓரதர் கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வுக்குப் பொருந்தும், அதுதான் ஒரு பக்கம் மட்டும் விடும். எஞ்சின் வால்வு, கேம் (சுழலும் தண்டின் புடைப்பு) தள்ளினால் திறக்கும், ஸ்பிரிங் இழுத்தால் மூடும். ஒருவழிக் கணக்கே அங்கே கிடையாது. 'இடுக்கு' அதைவிட மோசம். இடுக்கி பிடிக்கும். பிடிக்கக் கூடாது என்பதற்குத்தான் இந்தச் சந்தே விடுகிறோம்.

இன்னொன்று. இந்த எஞ்சினில் டேப்பட் பிளாக்குக்குள் கேம் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் புஷ் ராடு என்னும் தள்ளுகோல், அதற்கும் மேலே ராக்கர் என்னும் நெம்புகோல். ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) நுழைப்பது ராக்கருக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் நடுவில். சைடு வால்வு எஞ்சின் காலத்தில் டேப்பட் தலையிலேயே சந்து இருந்தது. எஞ்சின் மாறிவிட்டது, பேர் மாறவில்லை. தமிழிலாவது டேப்பட்டை விட்டுவிட்டு வால்வைச் சொல்லுங்கள்.

ஆத்தூர் அகராதிக்காரர்:

'சந்து' என்று போகிறபோக்கில் சொன்னீர்களே, அதையே பிடித்துக்கொள்ளலாமே. ராக்கருக்கும் ஒன்று வைத்திருக்கிறேன்: 'துலா'. கிணற்று ஏற்றத்தில் ஒரு முனை ஏற மறுமுனை இறங்கும், ராக்கருக்கும் அதே வேலை.

ஏற்காடு தமிழையா:

துலா வடசொல். சந்தும் 'சந்தி'யின் பிள்ளையாக இருந்தால் வியப்பில்லை.

ஆத்தூர் அகராதிக்காரர்:

சந்துபொந்தெல்லாம் வடமொழி என்றால் நாம் குடியிருக்கத் தெருவே மிஞ்சாது, ஐயா. ஏற்றத்தின் உறுப்புகளைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

ஐந்து ரோடு பட்டறைக்காரர்:

ஏற்றம் இருக்கட்டும், பாடத்தில் இதைச் சேர்த்தீர்களா? சத்தம் கிராங்க் (எஞ்சினின் பிரதானத் தண்டு) வேகத்தில் பாதிதானா என்று முதலில் காது கொடுக்க வேண்டும். எஞ்சின் 800 சுற்றில் ஓடினால் ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 தரம்தான் திறக்கும். ஓடும்போதே ஒவ்வொரு ராக்கர் நுனியிலும் கேஜைச் செருகுங்கள். எங்கே தட்டல் அடங்குகிறதோ அங்கேதான் கோளாறு.

0.015 அங்குலக் கேஜ் கச்சிதமாகப் போய் வருகிறது, ஆனாலும் தட்டுகிறதா? ராக்கர் நுனியை நகத்தால் வருடுங்கள். தண்டு உரசி உரசிக் குழி விழுந்திருக்கும். தட்டைக் கேஜ் குழியின் இரு கரைமேல் படுத்துக்கொள்ளும், ஆழம் கணக்கில் வராது. கேஜ் 0.015 என்று சொல்லும், உள்ளே 0.020 இருக்கும். அதைத் தீட்டிச் சமமாக்காமல், அல்லது ராக்கரை மாற்றாமல், செட்டிங் செய்வது வீண். புஷ் ராடைக் கண்ணாடிமேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும்.

செட் செய்த இரண்டே நாளில் சந்து மறுபடி பெருகினால் கேம் மூக்கு கரைகிறது. புதுக் கேமில் பழைய டேப்பட்டைப் போட்டிருப்பார்கள். இல்லையென்றால், முதல் 20 நிமிடம் 2,000 சுற்றில் ஓட்டாமல் ஐடிலில் உறுமவிட்டிருப்பார்கள். டயல் கேஜை (நகர்வை முள்ளில் காட்டும் கருவியை) புஷ் ராடு தலையில் வைத்து எட்டு வால்வுகளின் தூக்கலையும் ஒப்பிட வேண்டும்.

ஏற்காடு எஸ்டேட் வண்டிகளைப் பார்ப்பவர்:

வேக்குவம் கேஜ், எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தைப் பாதரச அங்குலத்தில் காட்டும் கருவி, பற்றி ஒரு வரி. சேலத்தில் 19 அங்குலம் காட்டும் எஞ்சின் காற்று மெலிந்த 1,500 மீட்டர் உயரத்தில், இங்கே, 15 தான் காட்டும். வால்வு கசிகிறது என்று ஹெட்டை (எஞ்சினின் மேல்மூடியை) கழற்றிவிடாதீர்கள். ஊசி சீரான இடைவெளியில் வெட்டி வெட்டி விழுந்தால்தான் கசிவு.

ஏற்காடு தமிழையா:

வேக்குவம் கேஜ் என்ன, 'வெற்றிட அளவி' என்று எழுதலாகாதா? 'மானி' வேண்டாம்.

சூரமங்கலம் பயிற்றுநர்:

ஐயா, அளவி அடுத்த தாளுக்கு. 'சந்து' எனக்குப் பிடித்துவிட்டது, ஆனால் அது மட்டும் போதாது. சக்கரத்தில், கிங்பின்னில் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணியில்) இருப்பதை 'ஆட்டம்' என்கிறோம். அது தேய்ந்து தானாக வருவது. இங்கே இருப்பது நாமே கணக்காக விடுவது. மாணவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கட்டிய எஞ்சின் சில நூறு கிலோமீட்டர் ஓடி, ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்கியதும் ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கெட் தகடு அமுங்கும். ஹெட்டோடு ராக்கரும் இறங்கும், புஷ் ராடு நீளம் அப்படியே இருக்கும். ஆகவே சந்து குறையும், சத்தமும் குறையும். வண்டி பழகிவிட்டது என்று பையன் மகிழ்வான். சந்து அற்றுப்போன எக்ஸாஸ்ட் (புகை போக்கும்) வால்வோ சீட்டில் சரியாக உட்காராமல், சூட்டை இறக்க வழியில்லாமல் விளிம்பு எரியும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் ஏறுகிற வண்டிக்கு இது விளையாட்டில்லை.

எனவே 'விடுசந்து' என்கிறேன். விட்ட, விடுகிற, விடும் சந்து. 'வால்வு விடுசந்து 0.38 மி.மீ.'

ஆத்தூர் அகராதிக்காரர்:

ஆமோதிக்கிறேன். துலாவைக் கைவிடவில்லை.

ஐந்து ரோடு பட்டறைக்காரர்:

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பையன் வேலைக்கு வந்தால் "டேப்பட் செட் பண்ணு" என்றுதான் நான் சொல்வேன், சொல்லிவிட்டேன்.

சூரமங்கலம் பயிற்றுநர்:

முதல் முறை வரும் இடத்தில் 'பட்டறையில் டேப்பட் செட்டிங் எனப்படும் வால்வு விடுசந்து' என்று போட்டு, மற்ற இடங்களில் விடுசந்து. வேறு யாரும் மறுக்கவில்லையென்றால் இன்றிரவு அனுப்பிவிடுகிறேன்.

ஏற்காடு தமிழையா:

மறுக்கிறேன். ஓரதரைத் தள்ளியதற்கு என் எதிர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றபடி விடுசந்து வினைத்தொகை, வல்லினம் மிகாது. அச்சகத்தார் 'விடுச்சந்து' என்று அடித்துவிடாமல் மெய்ப்பை நீங்களே பாருங்கள்.