மறு: ஃப்ளிப்பருக்குத் தமிழில் என்ன? – ‘சுண்டுகை’ என்று வைக்கலாமா

வணக்கம் நண்பர்களே,

பின்பால் என்பது சரிந்த பலகையில் உருண்டு வரும் பந்தைக் கீழே விழவிடாமல் அடித்து ஆடும் இயந்திர விளையாட்டு, பொத்தானை அழுத்தினால் அந்தப் பந்தை மேலே அடிக்கும் சின்ன உறுப்புதான் ஃப்ளிப்பர். அதற்கு இந்த இழையில் துடுப்பு, தட்டி, எற்றி என்று இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பழைய பின்பால் இயந்திரம் ஒன்றை வாங்கிச் சரிசெய்துகொண்டிருக்கிறேன், வேலைக் குறிப்பேட்டைத் தமிழில்தான் எழுதுகிறேன், அதனால் இந்த உறுப்பின் பெயர் தினமும் எனக்குத் தேவைப்படுகிறது.

இயந்திரம் 1970களில் செய்தது. சிப் எதுவும் கிடையாது, எல்லாம் ரிலேக்கள் என்ற மின்காந்த சுவிட்சுகளும் புள்ளி காட்டும் எண் உருளைகளும்தான். வாங்கி வந்து மின்சாரம் கொடுத்தபோது விளக்குகள் எரிந்தன, மணி அடித்தது, ஆனால் வலப்பக்க ஃப்ளிப்பர் பந்தைப் பாதி தூரம்கூட ஏற்றவில்லை. பலகையைத் தூக்கி நிறுத்திக் கீழே பார்த்தேன். ஃப்ளிப்பரை இயக்கும் காயிலுக்குள் (மின்காந்தக் கம்பிச்சுருள்) ஓடும் இரும்புத் தண்டின் முனை அடிபட்டு அடிபட்டுக் காளான் குடை மாதிரி விரிந்து, உறைக்குழாயின் உள்சுவரைக் கீறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருக்கும் சுவிட்சின் இரண்டு தொடுமுனைகளும் கரிந்து குழி விழுந்திருந்தன.

அந்தச் சின்ன சுவிட்சைப் புரிந்துகொண்ட பிறகுதான் சொல்லும் பிடிபட்டது. ஃப்ளிப்பர் காயிலில் இரண்டு சுற்றுகள் உண்டு. தடித்த கம்பிச் சுற்றுக்கு மின்தடை குறைவு, அதுதான் பந்தை அடிக்கும் வலுவைத் தருகிறது. ஃப்ளிப்பர் மேலே போய் முட்டும் நேரத்தில் அந்த சுவிட்ச் திறந்துகொள்ளும், அப்புறம் மெல்லிய கம்பிச் சுற்று மின்னோட்டத்தைக் குறைத்து, ஃப்ளிப்பரை உயர்ந்தபடியே பிடித்து நிறுத்தும். சுவிட்ச் திறக்காமல் போனால் காயில் சூடேறிக் கருகிவிடும். ஓய்வில் சரியாகத் தொடாமல் இருந்தால் என்னுடையது போல அடியில் வலு இருக்காது. ஆக இது அடிக்கவும் வேண்டும், ஏந்தவும் வேண்டும். நன்றாக ஆடுகிறவர்கள் பொத்தானை விடாமல் அழுத்தி, பந்தை அதன் மடியில் நிறுத்தி வைத்து, குறிபார்த்துத்தான் அடிப்பார்கள்.

> வடிவத்தைப் பார்த்தால் துடுப்பு என்பதே பொருத்தம்

வடிவம் சரிதான். ஆனால் துடுப்பு தள்ளும், சுண்டாது. தவிர, இலங்கைத் தமிழில் துடுப்பாட்டம் என்று கிரிக்கெட்டில் அந்தச் சொல் நன்றாக வேரூன்றிவிட்டது. தட்டி என்றால் எனக்கு மூங்கில் தட்டிதான் கண்முன் வருகிறது.

எற்றி நல்ல சொல், அதை விட்டுவிட மனமில்லை. பேச்சில், உதைத்தான் என்ற பொருளில், ‘எத்தினான்’ என்று இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் அதே பலகையில் பந்தை விழுங்கிவிட்டு வெளியே உதைத்துத் தள்ளும் குழி ஒன்று இருக்கிறதே, எற்றுகுழி என்று அதற்குக் கொடுத்துவிடலாம்.

என் பரிந்துரை சுண்டுகை. கேரத்துக்குச் சுண்டாட்டம் என்று சொல்கிறோம், அதனால் விரலின் அந்தத் துடிப்பு காதுக்குப் புதிதல்ல. கை என்றால் அடிக்கவும் செய்யும், ஏந்தவும் செய்யும். கூட்டுச்சொல்லாக்கவும் சிரமமில்லை: இடச்சுண்டுகை, வலச்சுண்டுகை, சுண்டுகைச் சுருள்.

> சுண்டுகை என்றால் ‘சுண்டுதல்’ என்ற தொழிற்பெயராகப் படிக்க மாட்டார்களா?

படிக்கலாம், அதனால் கெடுதல் இல்லை. இருக்கை என்பதும் அப்படி வந்த சொல்தானே, உட்காரும் பொருளுக்கே பெயராகிவிட்டது.

இந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. பலகையில் அடித்த ஊசி ஆணிகளால்தான் பின்பால் என்ற பெயரே வந்தது. காட்லீப் நிறுவனம் 1947இல் வெளியிட்ட ஹம்ப்டி டம்ப்டி என்ற இயந்திரத்தில்தான் மின்சார ஃப்ளிப்பர்கள் வந்தன, பக்கத்துக்கு மூன்றாக ஆறு. அதற்கு முன் பந்தை ஏவிவிட்ட பிறகு ஆட்டக்காரர் கையில் இருந்தது மேசையை லேசாகத் தட்டுவது மட்டும்தான். பிரான்சிலும் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் இயந்திரத்தையே ஃப்ளிப்பர் என்றுதான் அழைக்கிறார்கள். அந்த அளவுக்கு ஆட்டத்தின் உயிர் இந்த உறுப்பில் இருக்கிறது.

இன்னொன்று. நம் பின்பால் சொற்பட்டியலில் டில்ட்டுக்குச் ‘சாய்வு’ என்று போட்டிருப்பதை மாற்ற வேண்டும். பலகை எப்போதுமே சில பாகை சரிந்துதான் இருக்கும், பந்து கீழே உருண்டு வருவதே அதனால்தான், சாய்வு என்ற சொல் அங்கே தேவை. டில்ட் என்பது ஆட்டக்காரர் மேசையை அளவுக்கு மீறி அசைத்தால் கிடைக்கும் தண்டனை. பெட்டிக்குள் உலோக வளையத்தின் நடுவே ஒரு குண்டு தொங்கும், அது வளையத்தைத் தொட்டால் ஆட்டம் அற்றுவிடும். அந்தக் குண்டுக்கு நாம் எதையும் உருவாக்க வேண்டாம், சுவர் எழுப்பும் கொத்தனார் கையில் இருக்கும் தூக்குக்குண்டேதான். டில்ட்டுக்கு ‘உலுக்கல்’ என்பது என் எண்ணம்.

நேற்று உறைக்குழாயையும் தண்டையும் புதிதாகப் போட்டு, தொடுமுனைகளை அரத்தால் தேய்த்து, இடைவெளியையும் சரிபார்த்தேன். வலச்சுண்டுகை இப்போது பந்தை உச்சி வரை அனுப்புகிறது. அடுத்து, சுண்டுகைகளுக்கு மேலே இரண்டு பக்கமும் ரப்பர் வளையம் மாட்டிய முக்கோணங்கள் இருக்கின்றன, பந்து பட்டதும் எதிர்ப்பக்கம் எறிபவை. கவண் என்று எழுதிவைத்திருக்கிறேன். யாருக்காவது மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.