கழற்றி மாட்டிய பாகங்கள்: கப்பலில் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

கோவையில் இருபது வருஷமாக லேத் ஓட்டுகிறேன். கடற்படையில் எஞ்சின் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற மாமாவோடு போன வருஷம் விசாகப்பட்டினம் கடற்கரையில் நிற்கும் குர்சுரா நீர்மூழ்கியைப் பார்க்கப் போனேன். 91 மீட்டர் நீளம், ஆனால் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குக் குனிந்து வட்ட ஓட்டை வழியாகத்தான் நுழைய வேண்டும். எஞ்சின் அறையில் ஒரு வால்வைப் பிடித்தபடி மாமா அப்படியே நின்றுவிட்டார். "இது இதோடயே பிறந்ததா, வேற கப்பல்ல இருந்து வந்ததான்னு யாருடா சொல்றது" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சோவியத் யூனியனில் கட்டி 1969 டிசம்பரில் நம் கடற்படையில் சேர்ந்த குர்சுரா, எழுபதுகளின் பிற்பாதியில் சில வருஷம் கடலுக்கே போகாமல் கிடந்தது, அதே வகை நீர்மூழ்கிகள் ஓட வேண்டும் என்று இதிலிருந்துதான் பாகங்களைக் கழற்றிக் கொடுத்தார்கள். 1980ல் ஆரம்பித்த பழுதுபார்ப்பு 1982ல் முடிந்தது, 2001 பிப்ரவரியில் ஓய்வு. நடுவில் சோவியத் யூனியன் உடைந்ததும் ஸ்பேர் கிடைப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது, ஏனென்றால் அவற்றைச் செய்த தொழிற்சாலைகள் தனித்தனி நாடுகளுக்குள் போய்விட்டன.

வரைபடம் இல்லாமல் பாகம் செய்வது எப்படிப்பட்ட வேலை என்று எனக்குத் தெரியும். தேய்ந்த புஷ்ஷை (தண்டு சுழல உள்ளே போடும் உலோக வளையம்) அளந்து அதே அளவில் கடைந்தால் புதுசும் தேய்ந்ததாகத்தான் வரும். பம்ப் செட்டில் அது தண்ணீர்க் கசிவு, அவ்வளவுதான். 100 மீட்டர் ஆழத்திலோ ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 10 கிலோ அழுத்தம். அதை நம்பி உள்ளே போனவர்களை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

*

அண்ணே, நான் தூத்துக்குடி, சரக்குக் கப்பலில் எஞ்சினியர். கனடாவில் செயின்ட் ஜான் துறைமுகத்தில் இறங்கியபோது ஜெர்விஸ் பே நினைவுச்சின்னத்தைப் பார்த்தேன். 1922ல் கட்டிய பயணிகள் கப்பல் அது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் அதில் ஏழு பழைய 6 அங்குல (குழல் வாய் அகலம்) பீரங்கிகளை மாட்டி, முப்பதுக்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களுக்குத் தனிக் காவலாக அனுப்பிவிட்டார்கள். 1940 நவம்பர் 5 அன்று எதிரே வந்தது ஜெர்மனியின் போர்க்கப்பல் அட்மிரல் ஷீர், அதில் 11 அங்குல பீரங்கிகள். தன் குண்டு அதுவரை எட்டாது என்று தெரிந்தும் கேப்டன் ஃபெகன் மற்றவர்களைக் கலைந்து ஓடச் சொல்லிவிட்டு நேராக அதை நோக்கியே போனார். ஜெர்விஸ் பே மூழ்கியது, அதற்குப் பிறகு ஷீரால் பிடிக்க முடிந்தது ஐந்து கப்பல்களைத்தான். இருட்டிய பிறகு ஒரு சுவீடன் கப்பல் திரும்பி வந்து 65 பேரைக் காப்பாற்றியது. சரக்குக் கப்பல்காரனாக அங்கே நின்றபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

*

நம் பக்கக் கதை ஒன்று. கொச்சியில் நான் பயிற்சியில் இருந்தபோது எங்கள் ஆசிரியர் பெங்கால் கதையோடுதான் பீரங்கி வகுப்பை ஆரம்பிப்பார். 1942 நவம்பர் 11, இந்தியப் பெருங்கடல். நம் கடற்படையின் சின்னக் கப்பல் பெங்காலும் டச்சு எண்ணெய்க் கப்பல் ஓண்டினாவும் வந்துகொண்டிருந்தபோது இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் மறித்தன, அவையும் ஆயுதம் மாட்டிய வணிகக் கப்பல்கள்தான். ஓண்டினாவில் ஒரே ஒரு 4 அங்குல பீரங்கி, பெங்காலில் இருந்தது அதைவிடச் சின்னது. கடைசியில் அந்த இரண்டில் ஒன்றான ஹோகோகு மாரு வெடித்து மூழ்கியது. ஓண்டினாவின் கேப்டன் இறந்துபோனார், ஆட்கள் படகில் இறங்கினார்கள், ஜப்பானியர்கள் அந்தப் படகுகள் மீதும் சுட்டார்கள். மற்ற ஜப்பானியக் கப்பல் போனதும் மிஞ்சியவர்கள் திரும்ப ஏறித் தீயை அணைத்து, எஞ்சினைக் கிளப்பி ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமான்டில் துறைமுகம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார்கள்.