மறு: ‘ரிடெம்ப்ஷன் ஆர்க்’ – தமிழில் என்ன?

எல்லாருக்கும் வணக்கம்.

‘ரிடெம்ப்ஷன் ஆர்க்’, அதாவது கெட்டது செய்த பாத்திரம் தன் பிழையைத் தீர்க்கப் பாடுபடும் கதைப்பகுதி, அதற்குத் தமிழில் என்ன சொல் என்று நடக்கிற மடல்களை மூன்று நாளாக வாசித்துக்கொண்டு பேசாமல்தான் இருந்தேன். நேற்றுப் பின்னேரம் பிள்ளைகள் போட்ட சண்டையைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க ஏலவில்லை. சனிக்கிழமைகளில் இங்கே திருகோணமலையில், டச்சுக் குடாக் கடற்கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, வாசித்த புத்தகங்களைப் பற்றிக் கதைப்போம். நேற்று ஹரி பொட்டர் கதையில் முதலில் எதிரியின் ஆளாக இருந்து பிறகு அவனுக்கு எதிராக வேலை செய்த ஸ்னேப் அகப்பட்டார். ஒருத்தி அழாத குறை: “அந்தாள் தன்ர சீவியத்தையே குடுத்திட்டுது. இன்னும் என்ன வேணும்?” எதிரே இருந்த பொடியன் அசையவில்லை: “அதை நெவிலிட்டைப் போய்ச் சொல்லு.” நெவில் உலகத்திலேயே கூடப் பயந்தது தன் வாத்தியார் ஸ்னேப்புக்குத்தான் என்பது வாசித்தவர்களுக்குத் தெரியும்.

இந்தச் சண்டைக்கு உதவுகிற சொல்தான் எனக்கு வேண்டும்.

> மீட்சி வளைவு என்றே வைத்துக்கொள்ளலாம். நேர்ச்சொல், குழப்பம் இல்லை.

ஐயா, ‘வளைவு’ என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு பஸ் திரும்புகிற இடம்தான் ஞாபகம் வரும். அதை விடுங்கள். மீட்சி, மீட்பு இரண்டிலும் எனக்குள்ள சிக்கல் வேறு. தேவாலய வாடை அடிக்கிறது என்று முன்மடலில் ஒருவர் எழுதினார். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் தேவாலயம் போகிறவர்கள், அது ஒரு குறையே இல்லை. ஆனால் மீட்பதற்கு இன்னொருவர் வேண்டும். அடகு வைத்த சங்கிலியை மீட்கிறோம். சங்கிலி ஒன்றும் செய்வதில்லை. ரசிகர் கேட்பதோ ‘அவன் என்ன செய்தான்?’ என்று.

> பரிகாரம் என்ற சொல் வழக்கில் இருக்கும்போது புதிதாக ஏன்?

வழக்கில் இருக்கிறது, சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கிற அளவுக்கு. ஸ்னேப் எள்ளெண்ணெய் எரித்த காட்சியை எண்ணிப் பார்க்கவே சிரிப்பு வருகிறது.

> ‘திருந்தல்’ போதும். எளிமையான சொல்.

அண்ணை, இதுதான் எனக்குப் பிடித்தது, ஆனால் போதாது. திருந்துவது மனதுக்குள் நடப்பது. திருந்தியவனிடமும் பழைய கணக்கைக் கேட்பார்கள்.

என் முன்மொழிவு ‘கழுவாய்’. புதிதாக நான் செய்த சொல் அல்ல. புறநானூறு 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் “வழுவாய் மருங்கில் கழுவாயும் உள” என்கிறார். பசுவின் மடியை அறுத்தவனுக்குக்கூட, செய்த பிழைக்குக் கழுவாய் உண்டாம். ஆனால் நிலமே பெயர்ந்தாலும் “செய்தி கொன்றோர்க்கு உய்தி இல்”. (செய்தி கொல்வது இங்கே பத்திரிகைக்காரர் செய்வது அல்ல, ஒருவர் செய்த நன்றியைக் கொல்வது.) வள்ளுவர் 110ஆம் குறளில் ‘உய்வில்லை’ என்பதும் இதையேதான்.

ஒரே பாட்டில் இரண்டு சொல் கிடக்கிறது, பாருங்கள். பிழை செய்தவன் செய்து தீர்ப்பது கழுவாய். அதன்பிறகு அவன் தப்புவானா என்பது உய்தி. ஆங்கிலச் சொல் இந்த இரண்டையும் ஒரே பொதியில் கட்டி வைத்திருக்கிறது. ரசிகர் சண்டையில் பாதி அதனால்தான்.

ஸ்னேப்பையும் பீற்றர் பெற்றிகுரூவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தீர்க்கதரிசனத்தை எதிரியின் காதில் போட்டவர் ஸ்னேப். ஹரியின் அப்பாவும் அம்மாவும் ஒளிந்திருந்த வீட்டைக் காட்டிக் கொடுத்தவர் பெற்றிகுரூ. இருவராலும் செத்தது அதே கணவனும் மனைவியும். ஏழாம் பாகத்தில் ஹரியின் கழுத்தை நெரிக்கும்போது பெற்றிகுரூவின் பிடி ஒரு கணம் தளர்கிறது, அந்தத் தயக்கத்துக்காகவே சாகிறார். ஆனாலும் அவருக்காக வாதாட நேற்று ஒரு பிள்ளை எழும்பவில்லை. ஸ்னேப்புக்கோ பாதிக் கூட்டம். ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒருத்தி பெற்றிகுரூவைப் பற்றிச் சொன்னாள்: “அவை இவரைக் கூட்டாளியா வச்சிருந்தவை, ரீச்சர்.” ‘செய்தி கொன்றவர்’ என்பதைத்தான் சொன்னாள், ஆனால் ஆலத்தூர் கிழாரை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

தோற்றுப்போன கதைகளுக்கும் இந்தச் சோடி உதவும். ‘கேம் ஒஃப் த்ரோன்ஸ்’ கதையின் ஜேமி லானிஸ்டர் 1996இல் வந்த முதல் நாவலில் ஒரு சிறுவனைக் கோபுர ஜன்னலால் தள்ளிவிட்டவர். 2000இல் வந்த மூன்றாம் நாவலில் கை போய், தன் வாயாலேயே கதை சொல்லத் தொடங்கியதும் வாசகர் மெல்ல இளகினார்கள். 2019இல் தொலைக்காட்சித் தொடர் அவரைத் திரும்பப் பழைய இடத்துக்கே அனுப்பி முடித்தபோது ரசிகர் கொதித்தார்கள். ‘கழுவாய் தொடங்கினார், உய்தி எட்டவில்லை’ என்று ஒரு வரியில் சொல்லலாம். ‘மீட்சி தோல்வி’ என்றால் ஏதோ கடற்படைப் பயிற்சி மாதிரி இருக்கிறது.

> கழுவாய் என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ‘கோப்பை கழுவாய்’ என்பார்கள்.

சிரித்தார்கள். இரண்டு நிமிஷம். பிறகு பழகிவிட்டது.

‘ஆர்க்’குக்கு ‘படலம்’. கம்பனிடம் இருந்து எடுப்போம். தொடங்கி வளர்ந்து முடிகிற கதைப்பகுதி என்று கேட்டவுடன் விளங்கும். ஸ்னேப்பின் கழுவாய் முதல் புத்தகத்துக்கு முன்பே தொடங்கி ஏழிலும் பரந்து கிடக்கிறதே, அது எப்படிப் படலம் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் ‘போக்கு’, ‘தடம்’ இரண்டும் எதற்கும் பொருந்துகிற சொற்கள், அதனாலேயே எதையும் சொல்லாது.

இந்த ஊரில் இருந்துகொண்டு இராவணனை விட்டுவிட்டு எழுத ஏலாது. அப்பாவின் அந்தியேட்டிக் கிரியைக்கு, செத்தவருக்குச் செய்யும் கடனுக்கு, கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். ஏழு கிணறும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றினால் முதல் வாளியில் மூச்சு நிற்கும், மூன்றாவதில் தோள் இறங்கும். தாய்க்குக் கடன் கழிக்க இராவணன் உண்டாக்கிய ஊற்று என்று பக்கத்தில் நின்ற பெரியவர் என் மகனுக்குச் சொன்னார். கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவைக் காட்டும்போதும் தாயின் கதைதான் வரும். வில்லனை முதலில் ஒரு பிள்ளையாக அறிந்த ஊர் இது. அதனால் நேற்று வந்த அடுத்த கேள்வி: “இராவணனுக்குக் கழுவாய்ப் படலம் இருக்கா?”

சம்பந்தரின் கோணமலைப் பதிகத்தின் எட்டாம் பாட்டைச் சொன்னேன். மலையைத் தூக்கிய இராவணனின் செருக்கைக் கால்விரலால் அடக்கிய சிவன், அவன் ஏத்தியதும் பேறு கொடுத்தார். இதில் உய்தி இருக்கிறது, கழுவாய் இல்லை. வலியில் பாடினான், கிடைத்தது. அதற்குச் சைவத்தில் அருள் என்று பெயர், நாங்கள் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. ‘அது சரியில்லை’ என்று இரண்டு பேர் இன்னும் முறைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

ஆக, கலைச்சொற் பட்டியலுக்கு: கழுவாய்ப் படலம்; தீர்ப்புக்கு உய்தி. ‘ப்’ மிகும் என்றே நினைக்கிறேன், இலக்கணம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். செத்துக் கணக்கைத் தீர்க்கும், ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ கதையின் போரொமிர் போன்றவர்களுக்குத் தனிச்சொல் வேண்டுமா என்பதையும்.

கரையில் இருந்து எழும்பும்போது ஒரு மான் வந்து எங்கள் கடலைப் பேப்பரைத் தின்னத் தொடங்கியது. அதைத் துரத்திக்கொண்டே அந்தப் பொடியன் திரும்பிச் சொன்னான்: “சரி, ஸ்னேப் கழுவாய் செய்தவர்தான். உய்தி நான் குடுக்கேல்லை.”